'போயிருந்தேன்' என்றால் 'ஹேட் கான்' தானா?

கதையைத் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். பாளையங்கோட்டையிலிருந்து கோவில்பட்டி வரை யார் கேட்டிருந்தாலும் சிக்கல் ஒரே இடத்தில்தான்: வினைச்சொல்லின் காலம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வித்தியாசம் முதலில் காதுக்குத்தான் தெரியும்.

கல்லூரி ஆண்டு மலருக்காக எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவை வைத்து ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினேன். 'ஹேட்' வந்த இடத்தையெல்லாம் பேராசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். 'போயிருந்தேன்', 'கூப்பிட்டிருந்தார்' என்பதற்கு 'ஹேட்' தானே வரவேண்டும்? எல்லாம் நடந்து முடிந்ததுதானே?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பேராசிரியர் சுழித்தது சரி. ஆனால் உங்கள் தவறுக்குத் தமிழில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மறுபடி வராது.

'நேத்து ஜங்ஷனுக்குப் போயிருந்தேன்' என்று நாம் சொல்லும்போது, போனது, அங்கே கொஞ்ச நேரம் இருந்தது, திரும்பி வந்தது மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இனிமேல்தான் விஷயம் வருகிறது என்ற அறிவிப்பும் அதில் உண்டு: 'போயிருந்தேனா, அங்க நம்ம மாமாவப் பாத்தேன்'. ஆங்கில 'ஹேட் கான்' இந்த வேலை எதையும் செய்யாது. கதை ஏற்கெனவே இறந்தகாலத்தில் ஓர் இடத்தில் நிற்க, அந்த இடத்துக்கும் முன்னால் நடந்ததைச் சொல்வது மட்டுமே அதன் வேலை. கதை நிற்கும் இடத்தைக் காட்டாமல் 'ஹேட்' போட்டால், 'எதுக்கு முன்னால?' என்று படிப்பவர் காத்துக்கொண்டே இருப்பார். 'ஐ ஹேட் கான் டு தி ஜங்ஷன் எஸ்டர்டே' என்று தனியாக எழுதினால் அந்தக் காத்திருப்பு முடிவதே இல்லை. 'எஸ்டர்டே', 'லாஸ்ட் இயர்' போன்ற சொல் மட்டும் இருந்தால் 'வென்ட்' போதும்.

நீங்கள் அனுப்பிய பகுதி இது: 'ஐ ஹேட் ரீச்ட் தி டெம்பிள் அட் நைன். தி வில்லுப்பாட்டு ஹேட் ஸ்டார்ட்டட். மை அங்கிள் ஹேட் கால்ட் மி. வி ஹேட் ஸாட் நியர் தி பந்தல்.' நான்கு வாக்கியம், நான்கு 'ஹேட்'. இவற்றை நடந்த வரிசையில் அடுக்குங்கள். முதலில் வில்லுப்பாட்டு தொடங்கியது. பிறகு நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். பிறகு மாமா கூப்பிட்டார், உட்கார்ந்தீர்கள். கதை ஒன்பது மணிக்கு நீங்கள் கோயிலுக்குள் நுழைவதில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்தது ஒன்றே ஒன்று. ஆகவே: 'ஐ ரீச்ட் தி டெம்பிள் அட் நைன். தி வில்லுப்பாட்டு ஹேட் ஆல்ரெடி ஸ்டார்ட்டட். மை அங்கிள் கால்ட் மி. வி ஸாட் நியர் தி பந்தல்.' மற்ற மூன்றும் சிம்பிள் பாஸ்ட்டில், அதாவது 'ஹேட்' சேராத வெறும் இறந்தகால வடிவில், இருப்பதால் அந்த ஒற்றை 'ஹேட்' பளிச்சென்று தெரிகிறது. தாமதமாக வந்தவரின் பதற்றமும் அதில் வந்துவிடுகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சந்தேகம் வரும் வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, நடுவில் 'அதுக்கு முன்னாலயே' என்று நுழைத்துப் பாருங்கள். 'அதுக்கு முன்னாலயே வில்லுப்பாட்டு ஆரம்பிச்சுட்டு' சரியாக இருக்கிறது. 'அதுக்கு முன்னாலயே மாமா கூப்பிட்டார்' இந்தக் கதையில் பொருந்தவில்லை. பொருந்தினால் 'ஹேட்' இருக்கட்டும், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

பயந்துபோய் எல்லா 'ஹேட்'டையும் எடுத்துவிடவும் கூடாது. 'வென் ஐ ரீச்ட் தி டெம்பிள், தி சாமியாடி லெஃப்ட்' என்றால் நீங்கள் வந்ததும் சாமியாடி கிளம்பிவிட்டார், ஏதோ உங்களைப் பார்த்துவிட்டுப் போனதுபோல. 'ஹேட் லெஃப்ட்' என்றால் நீங்கள் வரும்போதே இடம் காலி. ஒரு சொல்லில் கதையே மாறிவிடும். 'ஆஃப்டர்', 'பிஃபோர்' வரும் வாக்கியத்தில் முன்பின் வரிசையை அந்தச் சொற்களே காட்டிவிடுவதால் 'ஹேட்' இல்லாமலும் எழுதலாம்.

பாஸ்ட் பெர்ஃபெக்ட், அதாவது இந்த 'ஹேட்' வடிவம், புரிகிறது. ஆனால் என் கதையில் இரண்டு பக்கத்துக்கு ஃப்ளாஷ்பேக் வருகிறது. குற்றால அருவி முன் நிற்கும் பெண் தன் சின்ன வயசை நினைக்கிறாள். இரண்டு பக்கம் முழுக்க 'ஹேட்', 'ஹேட்' என்று எழுத வேண்டுமா? படிக்கவே மூச்சு முட்டுகிறது.
— வாசகி, தென்காசி

வேண்டாம். 'ஹேட்' ஒரு வாசல்படி. படியைத் தாண்டி வீட்டுக்குள் போனபிறகும் ஒவ்வோர் அடிக்கும் படி ஏற வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று வினைகளுக்கு 'ஹேட்' வையுங்கள். படிப்பவர் பழைய காலத்துக்குள் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் சிம்பிள் பாஸ்ட்டுக்கு இறங்கிவிடுங்கள். உங்கள் கதைக்கு ஒரு மாதிரி:

'ஷி ஹெல்ட் தி ரெயிலிங் அண்ட் லுக்ட் அப். ஹெர் ஃபாதர் ஹேட் பிராட் ஹெர் ஹியர் ஒன்ஸ், இன் தி ஜூன் ஷி டர்ன்ட் டென். ஹி ஹேட் கேரிட் ஹெர் ஆன் ஹிஸ் ஷோல்டர்ஸ் ஆல் தி வே ஃப்ரம் தி பஸ் ஸ்டாண்ட். ஹி ஸ்டாப்ட் அட் எவ்ரி ஃப்ரூட் ஸ்டால். ஹி பிரெஸ்ட் எ மங்குஸ்டீன் ஓப்பன் வித் ஹிஸ் தம்ஸ் அண்ட் கேவ் ஹெர் தி ஒயிட் பார்ட்.'

இரண்டு 'ஹேட்', அப்புறம் 'ஸ்டாப்ட்', 'பிரெஸ்ட்', 'கேவ்'. மங்குஸ்தான் பழம் பிளக்கும் இடத்தில் 'ஹேட் பிரெஸ்ட்' என்று எழுதியிருந்தால் அந்தப் பழம் தள்ளிப் போயிருக்கும். 'பிரெஸ்ட்' என்றதும் அது கண்முன்னே பிளக்கிறது.

உள்ளே போவதைவிட வெளியே வருவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஃப்ளாஷ்பேக்கும் சிம்பிள் பாஸ்ட், திரும்பி வரும் கதையும் சிம்பிள் பாஸ்ட் என்றால் எது எங்கே முடிந்தது என்று தெரியாது. இதற்கு இரண்டு கைப்பிடி உண்டு. கடைசி வாக்கியத்துக்கு மறுபடி ஒரு 'ஹேட்' போட்டு மூடலாம்: 'தட் ஹேட் பீன் தேர் ஒன்லி ட்ரிப்.' அடுத்து, முதல் காட்சியில் இருந்த ஒரு பொருளைத் திரும்பத் தொட வேண்டும்: 'நவ் தி ரெயிலிங் வாஸ் கோல்ட் அண்டர் ஹெர் ஹேண்ட்.' இறந்தகாலக் கதையிலும் 'நவ்' வரலாம், அது கதையின் இப்போது. கைப்பிடிக் கம்பியில் தொடங்கினோம், கம்பிக்கே வந்துவிட்டோம், படிப்பவர் வழி தவற மாட்டார்.

நினைவு மூன்று நான்கு வாக்கியம்தான் என்றால் எல்லாவற்றிலும் 'ஹேட்' இருந்தாலும் பாரமில்லை. 'ஷி'ட்', 'ஹி'ட்' என்று சுருக்கிவிடுங்கள். அந்தச் சுருக்கம் 'வுட்'டுக்கும் பொது என்பதால் அடுத்த சொல்லைப் பாருங்கள்: 'ஹி'ட் கான்' என்றால் 'ஹேட்', 'ஹி'ட் கோ' என்றால் 'வுட்'. உங்களுடையதுபோல இரண்டு பக்கம் நீளும் நினைவுக்கு, ஒரு வரி இடைவெளி விட்டு, வருடத்தையோ வயதையோ சொல்லி நேராகச் சிம்பிள் பாஸ்ட்டில் தொடங்குவதும் நல்ல வழி.

'தாத்தா விடியக்காலம் எழுந்திருப்பார், பனங்காட்டுக்குப் போவார், பாளை சீவுவார்' என்று எழுத நினைக்கிறேன். 'போவார்' எதிர்காலம். ஆனால் தாத்தா இறந்து பல வருஷமாகிறது. 'வில் கோ' என்று எழுத முடியாது. 'வென்ட்' என்றால் ஒரு நாள் மட்டும் போனதுபோல இருக்கிறது. எதை எழுதுவது?
— வாசகர், உடன்குடி

உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. முடிந்துபோன ஒரு வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலமும் கிட்டத்தட்ட அதையே செய்கிறது: 'வில்'லின் இறந்தகால வடிவமான 'வுட்'. 'போவார்' என்பதற்கு 'ஹி வுட் கோ' அப்படியே உட்காரும். தமிழ் பேசுபவருக்கு இது இயல்பாக வர வேண்டியது. ஆனால் 'வுட்' என்றால் 'இருந்தால் செய்திருப்பேன்' என்ற நிபந்தனைதான் என்று பள்ளியில் மனதில் பதிந்துவிடுவதால் பலர் இதைத் தொடுவதில்லை.

எடுத்ததும் 'வுட்'டில் தொடங்காதீர்கள். எந்தக் காலத்து வழக்கம் என்று தெரியாமல் 'ஹி வுட் கோ' என்றால், நிபந்தனை வரப்போகிறது என்றே ஆங்கிலம் படிப்பவர் நினைப்பார். முதல் வாக்கியத்தில் 'யூஸ்ட் டு' வைத்துத் தரை போடுங்கள். பிறகு 'வுட்'டை ஓடவிடுங்கள்:

'மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு கிளைம்ப் பாமைரா ட்ரீஸ். ஹி வுட் கெட் அப் பிஃபோர் தி குரோஸ். ஹி வுட் ரப் லைம் இன்சைட் தி பாட்ஸ், டை ஹிஸ் நைஃப் அட் ஹிஸ் வெய்ஸ்ட், அண்ட் கோ அப் தி ஃபர்ஸ்ட் ட்ரீ இன் தி டார்க்.'

மூன்றாவதாக வரும் நீண்ட வாக்கியத்தில் 'வுட்' ஒரே ஒரு தடவைதான் வருகிறது. 'ரப்', 'டை', 'கோ' மூன்றும் அதன் நிழலிலேயே போகின்றன. ஒவ்வொரு வினைக்கும் 'வுட்' போட்டால் மத்தளம் தட்டியதுபோல இருக்கும்.

'வுட்' செயலுக்கு மட்டுமே வரும், நிலைக்கு வராது. 'தாத்தாவுக்கு நாப்பது பனை இருந்துது' என்பதற்கு 'ஹி வுட் ஹேவ் ஃபார்ட்டி ட்ரீஸ்' என்று எழுதினால் தவறு. 'ஹி யூஸ்ட் டு ஹேவ்' அல்லது வெறும் 'ஹி ஹேட்'. ஆள் பெயர், குடியிருப்பு, உடைமை, விருப்பு, வெறுப்பு எல்லாம் இந்தப் பக்கம்தான் சேரும்.

இத்தனை நேரம் வழக்கத்தைச் சொல்வதே அந்த வழக்கம் உடையும் நாளைச் சொல்லத்தான். 'வுட்', 'வுட்' என்று நான்கு வாக்கியம் போனபிறகு, 'ஒன் மார்னிங் இன் மே, ஹி கேம் டவுன் வித் அன் எம்ப்டி பாட்.' 'கேம்' என்ற அந்த ஒரு சிம்பிள் பாஸ்ட் விழுந்ததும் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். 'சடன்லி' என்ற சொல்லே தேவைப்படாது. தமிழிலும் அப்படித்தான்: 'போவார், சீவுவார், எறக்குவார்... ஒருநா வெறுங்கலயத்தோட எறங்கினார்.'

கதைக்கு உயிர் வர வேண்டுமென்றால் 'வாஸ்' போட்டு 'இங்' சேர்த்து எழுது என்றார்கள். அப்படியே எழுதினேன். எல்லோரும் நடந்துகொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள், ஆனால் கதை நகர மாட்டேன் என்கிறது.
— வாசகர், அம்பாசமுத்திரம்

நகராது. பாஸ்ட் கன்டினியூவஸ் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும் வடிவம். 'ஷி வாஸ் வாக்கிங்' என்றால் நடை தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. அதன்மேல் ஏதாவது வந்து விழ வேண்டும்: 'ஷி வாஸ் வாக்கிங் அலாங் தி கேனால் வென் தி சைரன் வென்ட்.' கன்டினியூவஸ் திரை, சிம்பிள் பாஸ்ட் திரையின் முன்னால் வந்து ஆடும் ஆள். உங்கள் கதையில் பத்துத் திரை இருக்கிறது, மேடையில் ஆளைக் காணோம். காட்சி தொடங்கும்போது ஒன்றோ இரண்டோ 'வாஸ்–இங்', அதற்கு மேல் நடப்பதெல்லாம் சிம்பிள் பாஸ்ட் என்று வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் திருத்திப் பாருங்கள்.

'கொண்டிருந்தான்' என்று தமிழில் வரும் எல்லாவற்றுக்கும் 'இங்' சேராது என்பதையும் கவனியுங்கள். 'மாடு வச்சுக்கிட்டிருந்தான்' என்பது 'ஹி வாஸ் ஹேவிங் எ கவ்' ஆகாது, 'ஹி ஹேட் எ கவ்'. 'தெரியும்' என்பதற்கு 'வாஸ் நோயிங்' கிடையாது, 'நியூ' மட்டும். 'பிலாங்', 'ஓன்', 'பிலீவ்', 'அண்டர்ஸ்டாண்ட்' இவையும் அப்படித்தான்.

'இங்' குடும்பத்தில் கதை எழுதுபவருக்கு நிஜமாகவே கைகொடுப்பது 'ஹேட் பீன்' சேர்ந்த வடிவம். அது தடயத்தைக் காட்டும். ஒரு வேலை சற்று முன்புவரை நடந்திருக்கிறது, நாம் பார்ப்பதோ அது விட்டுச்சென்ற அடையாளம். பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது, பாய் முடையும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 'ஷி வாஸ் டயர்ட்' என்று எழுதினால் களைப்பு என்று நாம் சொல்கிறோம், அவ்வளவுதான். 'தி டிப்ஸ் ஆஃப் ஹெர் ஃபிங்கர்ஸ் வேர் ரிங்கிள்ட் அண்ட் பேல். ஷி ஹேட் பீன் ஹேண்ட்லிங் வெட் கோரை சின்ஸ் டான்.' ஊறிச் சுருங்கிய விரல் நுனியை முதலில் காட்டிவிட்டு, ஈரக் கோரை விடியற்காலத்திலிருந்து அந்தக் கையில்தான் இருந்தது என்று பிறகு சொல்கிறோம். அடையாளம் முன்னால், காரணம் பின்னால். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதி பலம் போய்விடும், படிப்பவருக்கு ஊகிக்க ஒன்றும் மிஞ்சாது.

எண்ணிக்கை வந்தால் மட்டும் 'இங்' விலக வேண்டும். 'ஷி ஹேட் வோவன் டூ மேட்ஸ்' சரி. 'ஷி ஹேட் பீன் வீவிங் டூ மேட்ஸ்' என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் முடைந்துகொண்டிருந்ததுபோல ஆகும். முடிந்த எண்ணிக்கைக்கு 'ஹேட் வோவன்', நீண்ட நேரத்துக்கு 'ஹேட் பீன் வீவிங்'.

எங்க பக்கம் நடந்த கதையைச் சொல்லும்போது, 'வாரான், கதவத் தட்டுதான், ஆளக் காணும், திரும்பிப் பாக்கான், பின்னால நாய் நிக்கு' என்றுதான் சொல்லுவோம். போன வாரம் நடந்ததாக இருந்தாலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இப்படி நிகழ்காலத்தில் எழுதலாமா, தப்பா?
— வாசகர், சேரன்மகாதேவி

தாராளமாக எழுதலாம். ஆங்கிலத்தில் வாய்வழியாகக் கதை சொல்பவர்களும் இப்படிச் சொல்வதுண்டு, எழுத்திலும் உண்டு. நமக்கும் இது புதிதில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் ஒரு காலம் இன்னொரு காலமாக வரலாம் என்று நன்னூல் சொல்கிறது. பள்ளியில் கால வழுவமைதி என்று படித்தது இதைத்தான். சாப்பிட்டுக்கொண்டே 'இந்தா வந்துட்டேன்' என்பது விரைவு. நாளைக்கு வரப்போகிறவரை 'நாளைக்கு வாரார்' என்பது தெளிவு.

'வாரான்' என்பதை 'ஹி இஸ் கமிங்' என்று எழுதுவதில்தான் பெரும்பாலும் சறுக்கும். நம் 'வாரான்' இரண்டு வேலையும் செய்யும், ஆங்கிலத்தில் அவை தனித்தனி. கதையில் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதற்குச் சிம்பிள் பிரசென்ட்தான்: 'ஹி கம்ஸ். ஹி நாக்ஸ். நோபடி. ஹி டர்ன்ஸ், அண்ட் எ டாக் இஸ் ஸ்டாண்டிங் பிஹைண்ட் ஹிம்.' மூன்று செயலுக்குக் 'கம்ஸ்', 'நாக்ஸ்', 'டர்ன்ஸ்'. நாய்க்கு மட்டும் 'இஸ் ஸ்டாண்டிங்', ஏனென்றால் அவன் திரும்புவதற்கு முன்பே அது அங்கே நின்றுகொண்டிருக்கிறது. பயம் வருவது அந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் 'இஸ் கமிங், இஸ் நாக்கிங், இஸ் டர்னிங்' என்று எழுதியிருந்தால் நாயும் கூட்டத்தில் ஒன்றாகப் போயிருக்கும்.

நிகழ்காலக் கதையில் முன்னால் நடந்ததைச் சொல்ல 'ஹேட்' வராது, 'ஹேஸ்', 'ஹேவ்' வரும். 'நோபடி. தே ஹேவ் கான் டு தி கொடை.' ரொம்பப் பழைய சங்கதி என்றால் சிம்பிள் பாஸ்ட்: 'ஹிஸ் மதர் டைட் இன் திஸ் ஹவுஸ்.'

இறந்தகாலத்தில் போகும் கதையை நடுவில் நிகழ்காலத்துக்கு மாற்றலாம். ஆனால் மாறும் இடம் பத்தியின் தொடக்கமாக இருக்கட்டும், மாறிய பிறகு அந்தக் காட்சி முடியும்வரை திரும்பாதீர்கள். ஒரே வாக்கியத்துக்குள் 'ஹி ஓப்பன்ட் தி டோர் அண்ட் சீஸ்' என்று வந்தால் உத்தியாகத் தெரியாது, பிழையாகத்தான் தெரியும். 'ஹி', 'ஷி'க்குப் பின்னால் வரும் 'ஸ்' விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். 'ஹி கம்' என்று ஓர் இடத்தில் வந்துவிட்டால் படிப்பவரின் நம்பிக்கை அங்கேயே கழன்றுவிடும்.

ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலமாக்குகிறேன். 'வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.' 'ஹேவிங் கம், ஹேவிங் ரிமூவ்ட்...' என்று தொடங்கினால் பத்திரப் பதிவு ஆபீஸ் வாசகம்போல இருக்கிறது.
— மொழிபெயர்க்கும் வாசகர், நாங்குநேரி

வினையெச்சங்களை வரிசையாகக் கோத்துக்கொண்டு போவது தமிழ் வாக்கியத்தின் அழகு. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது 'ஹேவிங்' இல்லை, சிம்பிள் பாஸ்ட் வரிசை: 'ஹி கேம் இன், கிக்ட் ஆஃப் ஹிஸ் சாண்டல்ஸ், ஸாட் டவுன் ஆன் தி திண்ணை, ஃபோல்டட் எ பீட்டல் லீஃப் அண்ட் புட் இட் இன் ஹிஸ் மவுத்.' எழுவாய் ஒரே தடவை. கடைசி வினைக்கு முன்னால் மட்டும் 'அண்ட்'. நீளம் தாங்கவில்லை என்றால் உட்காரும் இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். உட்காரும்போது மூச்சு விடுவது இயல்புதானே.

ஒரே நேரத்தில் நடப்பதற்கு 'இங்' நன்றாக இருக்கும்: 'ஹி ஸாட் டவுன், ஃபோல்டிங் எ பீட்டல் லீஃப்.' ஆனால் அதற்கு, மடித்துக்கொண்டே உட்கார்ந்தார் என்று பொருள். உட்கார்ந்தபிறகு மடித்தார் என்றால் பொருந்தாது. 'ஹேவிங்' ஒரு பக்கத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். அப்படி வரும்போதும் எழுவாயைப் பாருங்கள். 'ஹேவிங் ரிமூவ்ட் ஹிஸ் சாண்டல்ஸ், தி பீட்டல் லீஃப் வாஸ் ஃபோல்டட்' என்றால் வெற்றிலைதான் செருப்பைக் கழற்றியதாக ஆகிவிடும்.

'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம், அவனுக்கு ஏழு பொண்ணாம்.' இந்த 'ஆம்' ஆங்கிலத்தில் எப்படி வரும்?
— பள்ளி மாணவன், களக்காடு

ஆங்கில வினையில் அதற்கு விகுதி கிடையாது. நம்மவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் 'இட் சீம்ஸ்' என்று சேர்க்கிறார்கள். வெளியூர் வாசகருக்கு அது 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்று கேட்கும். 'தேர் வாஸ் ஒன்ஸ் எ கிங், தே சே, ஹூ ஹேட் செவன் டாட்டர்ஸ்' என்று தொடக்கத்தில் ஒருமுறை 'தே சே' வைத்துவிட்டால் போதும், கதை முழுக்க அது நிற்கும். நம்ப முடியாத சங்கதி வரும் இடத்தில் மட்டும் இன்னொரு முறை சேர்த்துக்கொள்.

'நாளைக்கு வருவேன்னு சொன்னா' என்பதை 'ஷி செட் ஷி வில் கம் டுமாரோ' என்று எழுதினேன். தவறா?
— வாசகி, சங்கரன்கோவில்

கதையில் தவறுதான். நம் 'ன்னு' அவள் பேச்சை மாற்றாமல் அப்படியே எடுத்துவரும். ஆங்கிலத்தில் மேற்கோள்குறி இல்லாவிட்டால் அந்தப் பேச்சும் 'செட்'டோடு சேர்ந்து இறந்தகாலத்துக்கு இறங்க வேண்டும்: 'ஷி செட் ஷி வுட் கம் தி நெக்ஸ்ட் டே.' 'வில்' 'வுட்' ஆகும், 'டுமாரோ' 'தி நெக்ஸ்ட் டே' ஆகும். குரல் கேட்க வேண்டும் என்றால் மேற்கோள்குறி போட்டு 'ஐ வில் கம் டுமாரோ' என்றே விட்டுவிடுங்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு பெண் கடிதத்தோடு வருகிறாள். ரயில் கோவில்பட்டி வருவதற்குள் அதைப் பத்துத் தடவை படித்திருப்பாள் என்று எழுத வேண்டும். பின்னால் நடக்கப்போவதையும் லேசாகக் காட்ட வேண்டும்.
— வாசகர், கோவில்பட்டி

நிகழ்காலக் கதையென்றால்: 'பை தி டைம் தி ட்ரெயின் ரீச்சஸ் கோவில்பட்டி, ஷி வில் ஹேவ் ரெட் தி லெட்டர் டென் டைம்ஸ்.' 'பை தி டைம்' பக்கத்தில் 'வில் ரீச்' என்று எழுதக் கூடாது, 'வில்' இரண்டாம் பாதிக்கு மட்டும். இறந்தகாலக் கதையென்றால் 'ரீச்ட்', 'ஹேட் ரெட்' போதும்.

பின்னால் நடப்பதைக் காட்ட ஆங்கிலத்தில் மூன்று வடிவம் இருக்கிறது, மூன்றும் வேறு வேறு. 'ஷி வாஸ் கோயிங் டு டேர் இட் அப்' என்றால் கிழிக்க நினைத்தாள், கிழித்தாளா என்று தெரியாது, பெரும்பாலும் கிழிக்கவில்லை. 'ஷி வாஸ் டு ரிமெம்பர் தட் பிளாட்ஃபார்ம் ஆல் ஹெர் லைஃப்' என்றால், கதை சொல்பவருக்கு முடிவு தெரியும், ஒரு நுனியை மட்டும் நீட்டுகிறார். 'ஷி வாஸ் டு ஹேவ் மெட் ஹிம் அட் மணியாச்சி' என்றால் சந்திப்பதாக ஏற்பாடு, ஆனால் நடக்கவில்லை. கோவில்பட்டி தாண்டி மணியாச்சி வருவதற்குள் இந்த மூன்றாவது வாக்கியத்தை வைத்துப் பாருங்கள். நடைமேடையில் யாரும் இல்லை என்று நீங்கள் தனியாக எழுத வேண்டியிருக்காது.

எழுதி முடித்தபிறகு காலம் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மாணவர்களுக்குச் சொல்லித்தர வசதியான முறை ஒன்று சொல்லுங்கள்.
— ஆசிரியை, திசையன்விளை

கதையைத் தாளில் எடுத்துக்கொண்டு வினைகளை மட்டும் சுழிக்கச் சொல்லுங்கள். மேற்கோள்குறிக்குள் இருக்கும் பேச்சை விட்டுவிட வேண்டும், அதன் காலம் பேசுபவருடையது. சுழித்த ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து: கதை முன்னே நகர்ந்தால் 'ந', பின்னணி என்றால் 'பி', அதற்கு முன்னால் நடந்தது என்றால் 'மு', வழக்கம் என்றால் 'வ'. வடிவத்தைப் பார்த்து எழுதக் கூடாது, பொருளைப் பார்த்து எழுத வேண்டும். இறந்தகாலக் கதையில் 'ந'வுக்குச் சிம்பிள் பாஸ்ட், 'பி'க்கு 'வாஸ்–இங்' அல்லது நிலையைக் காட்டும் வினை, 'மு'வுக்கு 'ஹேட்', 'வ'வுக்கு 'யூஸ்ட் டு' அல்லது 'வுட்' இருக்கிறதா என்று பிறகு ஒப்பிடட்டும். ஒப்பிடும்போது பொருந்தாதவை மட்டுமே பிழை.

ஓரத்து எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படிக்கச் சொன்னால் இன்னொன்றும் தெரியும். 'பி பி பி பி' என்று போனால் அந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. 'ந ந ந ந' என்று பதினைந்து வந்தால் மூச்சு விட இடமில்லை, நடுவில் ஒரு 'பி' வேண்டும். 'மு' தனியாக ஒன்று, சுற்றிலும் 'ந' இல்லாமல் நின்றால், பாளையங்கோட்டை மாணவியின் கொடைக் கதையில் வந்த அதே 'ஹேட்'தான் அது. வகுப்பில் செய்ய ஒரு பக்கக் கதையே போதும். முதல்முறை ஒரு வகுப்பு நேரம் முழுக்க எடுக்கும். கரும்பலகையில் ஒரு பத்தியை நீங்களே சுழித்துக் காட்டிவிட்டு, மீதியைப் பக்கத்தில் இருப்பவரின் தாளில் சுழிக்கவிடுங்கள். தன் கதையில் கண்ணுக்குத் தப்பும் 'ஹேட்' அடுத்தவர் தாளில் உடனே தெரிந்துவிடும்.